ஆற்றங்கரையில் வீடும் வேண்டும், வேலையும் வேண்டும்

(காக்களூர் தொழிற்பேட்டை அருகில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். களையெடுத்த கையோடு, காலில் சேறு காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைத்துப் பேசப் போவதில்லை. இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் ஆறு. போனஸ், பஞ்சப்படி, கூலி உயர்வு என்று பேசவேண்டிய மேடையில் ஆற்றைப்பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றும். ஒரு தோழர் நம்மிடம் நேரிலேயே கேட்டுவிட்டார். "கூவம் நாறினால் பட்டணத்துக்காரன் மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். காக்களூருக்கு என்ன வந்தது?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே நிற்கிறோம்.

கூவம் பட்டணத்து ஆறு என்று நாமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பட்டணத்தில் பிறக்கவில்லை. நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆறு கிளம்புகிறது. கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரும் அதற்குப் பிரிந்து வருகிறது. மணவாள நகர்ப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறோமே, அதே ஆறுதான். நல்ல மழை பெய்தால் அங்கே தெளிந்த தண்ணீர் ஓடும். ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் ஒரு பங்கு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. மிச்சம் கிழக்கே போய் மதுரவாயல், அரும்பாக்கம், அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று வளைந்து நேப்பியர் பாலத்தின் கீழே கடலில் சேருகிறது. இங்கே மாடு குளிப்பாட்டுகிற ஆறு அங்கே போய்ச் சாக்கடையாகிறது. வழியில் அதற்குள் என்னென்ன விட்டார்கள் என்பது வேறு கதை. அந்தக் கரையில் வாழ்ந்த உழைப்பாளி மக்களை என்ன செய்தார்கள் என்பதுதான் இன்றைக்கு நமக்கு வேண்டியது. ஏனென்றால் அந்தப் பட்டணம் இப்போது நம் ஊரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

பேட்டைகளின் பெயரைக் கேளுங்கள்

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது? சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அப்படி மருவிற்று என்று சொல்வார்கள். 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நூற்பவர்களையும் நெய்பவர்களையும் துணிக்கு வர்ணம் எழுதுபவர்களையும் வெளுப்பவர்களையும் கொண்டுவந்து குடியேற்றினான். அன்பினால் அல்ல. அவனுக்குச் சீமைக்கு அனுப்பத் துணி வேண்டும். துணிக்குத் தண்ணீர் வேண்டும், காயப்போட வெட்டவெளி வேண்டும். ஆகவே ஆற்றங்கரையில் வீட்டையும் வேலையையும் ஒரே இடத்தில் வைத்தான். கொள்ளையடிக்க வந்த கம்பெனிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருந்தது, உழைக்கிறவன் வேலை செய்கிற இடத்தின் பக்கத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று! வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை எல்லாம் இப்படிப் பிறந்த ஊர்களே.

அடுத்து பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல் தொடங்கி வடக்கேயும் தெற்கேயும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போனார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். அப்போது பஞ்ச நிவாரண வேலை என்ற பெயரில், எலும்பும் தோலுமாக இருந்த ஏழை எளியவர்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். வெட்டியவர்கள் யார்? நம்முடைய பாட்டனும் முப்பாட்டியும் போன்ற கூலி ஜனங்கள். பெயர் மட்டும் கவர்னர் துரையின் பெயர்!

அந்தக் கால்வாயில் எழுபது எண்பது வருஷம் படகு ஓடிற்று. நெல்லூர்ப் பக்கத்து அரிசி, சவுக்கு விறகு, உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் அதில் வந்து இறங்கின. பேசின் பிரிட்ஜ் என்கிறோமே, அந்த பேசின் என்பது படகு நிற்கும் துறை. சால்ட் கொட்டாரஸ் என்பது உப்புக் கிடங்கு. கரை முழுக்க விறகுத்தொட்டிகள், மூட்டை தூக்குகிறவர்கள், படகு இழுக்கிறவர்கள், கலம் பழுது பார்க்கும் தச்சர்கள். அவர்களுக்குச் சோறு போட்ட ஆயாக்கடைகள். 1960-களிலும் 1976-லும் அடித்த புயல்களில் கால்வாய் தூர்ந்தது. தூர் எடுக்க யாருக்கும் அக்கறையில்லை. லாரிக்காரன் வந்துவிட்டான். பின்னால் 1990-களில் அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டார்கள். 2008-ல் மத்திய சர்க்கார் அதே கால்வாயைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தது. பட்டணத்துக்குள் தூண்களுக்கு நடுவே எந்தப் படகு போகும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

படகு போயிற்று. படகை நம்பியவன் எங்கே போனான்? அவன் அங்கேயே கரையில் குடிசை போட்டுத் தங்கினான். நேற்றுவரை அவன் துறைமுகக் கூலி, படகுக்காரன், மூட்டைத் தொழிலாளி. அதற்குப் பிறகு அவனுக்குச் சர்க்கார் காகிதத்தில் வேறு பெயர்: ஆக்கிரமிப்பாளன்.

குடிசையை எடுத்தார்கள், தூணை நட்டார்கள்

1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைத்தார்கள். 1971-ல் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் அந்த வாரியம் செய்த ஒரு நல்ல காரியத்தை மறைக்கத் தேவையில்லை. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது கூப்பிடு தூரத்தில், மூன்று நான்கு மாடி கட்டிக் கொடுத்தார்கள். வீடு சிறியது, சுவர் கசிந்தது, எல்லாம் வாஸ்தவம். ஆனால் மீன்காரி மீன் விற்ற இடத்திலேயே விற்றாள். ரிக்ஷாக்காரன் அதே ஸ்டாண்டில் நின்றான்.

பிறகு மனையின் விலை ஏறிற்று. விலை ஏற ஏற வீடு தூரம் போயிற்று! 2000-ம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர். அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நம் மாவட்டத்தில் திருமழிசைப் பக்கம் கூடப்பாக்கம். கூவத்தைச் சீரமைக்க வேண்டும் என்று சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை போட்ட திட்டத்தில், கரையிலிருந்து அகற்ற வேண்டிய குடும்பங்கள் 14,000-க்கு மேல் என்று கணக்கெடுத்தார்கள். 2019 டிசம்பரில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகர், 2021 ஜூலையில் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகர் என்று வரிசையாக இடித்தார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை என்றும் பார்க்கவில்லை, கொரோனா என்றும் பார்க்கவில்லை. 2021-ல் வாரியத்தின் பெயரைக்கூட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதால் தூரம் குறையவில்லை.

ஆற்றின் கரையில் யாரும் இருக்கக்கூடாது, வெள்ளம் வந்தால் ஆபத்து என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் என்ன நடந்தது என்று பார்த்தோம். அந்த வெள்ளத்தில் முதலில் மூழ்கியவன் ஏழைதான். ஆற்றின் விளிம்பில் பிள்ளை குட்டிகளோடு படுத்துக்கொண்டிருப்பது வீரம் அல்ல. அப்படியே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. குடிசை ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்றால், கான்கிரீட் தூண் தடுக்காதா? மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரை மேம்பாலச் சாலை. 2009 ஜனவரியில் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். கூவத்துக்குள் தூண் இறங்குகிறது, ஓட்டம் தடைப்படும் என்று 2012-ல் மாநில சர்க்காரே வேலையை நிறுத்திற்று. நட்ட தூண்கள் பத்து வருஷம் ஆற்றில் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் இன்னொரு பிரதமர் வந்து, இரண்டு அடுக்காக, சுமார் 20 கிலோமீட்டர் என்று மறுபடியும் அடிக்கல் நாட்டினார். அந்தச் சாலைக்காகவும் கரையிலிருந்த குடும்பங்களைத் தூக்கினார்கள். தென்னங்கீற்று ஆக்கிரமிப்பு, சிமெண்டு அபிவிருத்தி! இந்தக் கணக்கு நமக்குப் புரியவில்லை.

துவைகல்லும் நாலாவது மாடியும்

இப்படி இடம் மாற்றப்பட்ட ஒரு சலவைத் தொழிலாளியின் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். ஊரையும் பேரையும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. நாலாவது மாடி. லிப்ட் அன்று ஓடவில்லை. வீடு சுத்தமாக இருந்தது. கரண்டு இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது. அவருடைய மனைவி டீ போட்டுக்கொண்டு வந்து, "மழைக்குப் பயம் இல்லை அண்ணா, அதைச் சொல்லணும்" என்றார். உண்மையை உள்ளபடி சொல்லுகிற குடும்பம்.

பிறகு அவர் தம் தொழிலை விவரித்தார். ஆற்றுத் தண்ணீரில் வெளுத்த காலம் அவருடைய அப்பாவோடு முடிந்துவிட்டது. கரையில் போர் போட்டுத் தொட்டி கட்டி வெளுத்து வந்தார்கள். ஆனாலும் கரை வேண்டும். ஏன்? வெள்ளாவி வைக்கப் புகை போகிற இடம் வேண்டும். துவைகல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூறு வேட்டியையும் லாட்ஜு படுக்கை விரிப்புகளையும் ஒரே நேரத்தில் கொடியில் போடக் காற்றாடும் வெட்டவெளி வேண்டும். வாடிக்கை லாட்ஜுகள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். காலையில் மூட்டை எடுத்தால் மறுநாள் சாயந்திரம் திருப்பிக் கொடுப்பார். இப்போது? கல் இல்லை. மாடியில் கொடி கட்டினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார், அவர் வருவதிலும் நியாயம் இருக்கிறது. மூட்டையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுகிறார். ஆட்டோ வைத்தால் வெளுத்த கூலி ஆட்டோவுக்கே போகிறது. வாடிக்கை லாட்ஜுகள் மெஷின் வைத்த கம்பெனிக்குப் போய்விட்டன. இப்போது அவர் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். மனைவி முன்பு நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். இப்போது அந்த நான்கு வீடும் கிடையாது.

"அண்ணா, எனக்கு வீடு கொடுத்தாங்க. என் கல்லை மட்டும் அங்கேயே விட்டுட்டாங்க" என்றார். அந்தக் கல் அவருடைய தாத்தா காலத்துக் கல்லாம். படிகளில் இறங்கி வரும்போது எங்களில் யாரும் பேசவில்லை.

இங்கே நம்முடைய தவறையும் சொல்ல வேண்டும். கட்சிப் பத்திரிகையில் அடுத்தவன் குற்றத்தை மட்டும் எழுதிப் பழகக்கூடாது. இத்தனை வருஷமாகக் குடிசைப் பகுதிகளில் நாம் நடத்திய போராட்டங்களின் கோரிக்கைகளைப் புரட்டிப் பார்த்தோம். பட்டா வேண்டும், மாற்று வீடு வேண்டும், குடிநீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். எல்லாம் சரி. "செய்துவந்த தொழிலைத் தொடர இடம் வேண்டும்" என்ற ஒரு வரி அபூர்வமாகத்தான் இருக்கிறது. வேலையைப்பற்றிய பேச்சைத் தொழிற்சங்கத்துக்கு விட்டோம், வீட்டைப்பற்றிய பேச்சைக் குடியிருப்போர் சங்கத்துக்கு விட்டோம். சர்க்கார் இரண்டுக்கும் நடுவில் புகுந்துவிட்டது.

இந்த இடத்தில் ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இது சலவைக்காரன், மீன்காரன் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் இருந்தது. ஓட்டேரி நாலா பக்கத்தில் ஓடும். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்குக் காரணமான மில். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்த மில். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்த இடம். 1996-ல் மூடினார்கள். பிறகு கொஞ்சகாலம் சினிமா ஷூட்டிங் நடந்தது. கதாநாயகன் வில்லனை அடித்த ஷெட்டில்தான் நம் தோழர்கள் நூல் இழுத்தார்கள். இன்றைக்கு அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அதில் ஒரு வீடு வாங்க அந்த மில் தொழிலாளியின் எத்தனை தலைமுறைச் சம்பளம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது என்பார்கள். நிலம் ஆலையைவிட அதிக லாபம் தரும்போது எந்த ஆலைதான் நஷ்டத்தில் ஓடாது?

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்

அகமதாபாத் சபர்மதியைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு அழகு, கூவத்தையும் அப்படிச் செய்வோம் என்கிறார்கள். இரண்டு கரையிலும் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் சுவர் எழுப்பி நடைபாதை போட்டார்கள். அழகுதான், மறுக்கவில்லை. நர்மதைக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். ஆனால் அந்தக் கரையில் பத்தாயிரம் குடும்பங்களுக்கு மேல் இருந்தன. அவர்களில் பெரும்பாலோரை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குஜரி பஜார் என்று ஒரு பழைய சந்தை கூடும். நம் ஊர் வாரச்சந்தை மாதிரி, ஆயிரக்கணக்கான ஏழை வியாபாரிகள். 1414-லேயே தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். வியாபாரிகள் சங்கமாகச் சேர்ந்து ஹைகோர்ட்டுக்குப் போனார்கள், விடாமல் நின்றார்கள். கடைசியில் அதே கரையில் சந்தைக்கு இடம் ஒதுக்கிக் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சலவைத் தொழிலாளர்களுக்கும் துறை கட்டினார்கள். சங்கம் இருந்தவனுக்குக் கரையில் இடம் கிடைத்தது. சங்கம் இல்லாதவன் ஊருக்கு வெளியே போனான்.

மே தினத்தின் ஊரான சிக்காகோவில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஆற்றின் வடகிளையில் எஃகு ஆலையும் சிறு பட்டறைகளும் வரிசையாக இருந்தன. 1980-களில் பணக்காரர்கள் பழைய தொழிற்சாலைக் கட்டடங்களை வாங்கி வீடாக மாற்றினார்கள். குடிவந்த பின் புகார்: லாரி சத்தம் தூங்கவிடவில்லை, கரி படிகிறது, நாற்றம் அடிக்கிறது! ஆலை நூறு வருஷமாக இருக்கிறது. இவன் வந்து நூறு நாள்கூட ஆகவில்லை. நிலத்தின் விலை ஏறியதும் பட்டறை முதலாளிகள் விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். தொழிலாளர்களும் அந்த வட்டாரத்து மக்களும் சேர்ந்து போராடி, 1988-ல் நகரசபையில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதியில் தொழில் மட்டுமே நடக்கலாம், வீடு கட்டக்கூடாது. சுற்றிலும் ஒரு இடைவெளி வளையம். ஏறத்தாழ முப்பது வருஷம் அது நின்றது. எஃகு ஆலை நகரின் தென்பகுதிக்கு மாறியதும், 2017-ல் நகரசபை அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தி மாளிகைகளுக்கு வழிவிட்டது. முதலாளித்துவத்தில் சட்டத்தின் ஆயுள் அவ்வளவுதான் என்று சிலர் சொல்லலாம். முப்பது வருஷம் என்பது ஒரு தொழிலாளியின் முழு வேலைக்காலம் என்பதையும் மறக்கக்கூடாது.

லண்டனிலும் தேம்ஸ் கரைத் துறைமுகங்கள் மூடி மாளிகைகளாயின. அதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. 1997-ல் சரக்கு இறங்கும் படகுத்துறைகளைப் பட்டியல் போட்டுப் பாதுகாத்தார்கள். இன்றைக்கு அப்படிச் சுமார் ஐம்பது துறைகள். மணல், சிமெண்டு, நகரத்துக் குப்பை எல்லாம் இன்னும் ஆற்றில் போகிறது. துறையை வாங்கிச் சும்மா போட்டுவைத்து, "யாரும் உபயோகிக்கவில்லையே, வீடு கட்ட விடுங்கள்" என்று கேட்கிற தந்திரம் அங்கே சுலபத்தில் செல்லாது. அங்கே துறை பிழைக்காது என்று நிரூபிக்கிற பாரம் வீடு கட்ட வருகிறவன் தலையில். நமக்கு இந்த ஏற்பாடு முக்கியம். நம் ஊரில் நிரூபிக்கிற பாரம் எப்போதும் ஏழை தலையில்தான்: ரேஷன் கார்டு எங்கே, எத்தனை வருஷமாக இருக்கிறாய், ஆதாரம் எங்கே!

கொசஸ்தலையாற்றின் கதையையும் சொல்லாமல் விடமுடியாது. பூண்டியைத் தாண்டி எண்ணூரில் கடலில் சேருகிறதே, அந்த முகத்துவாரத்து மீனவர்கள் மாடி வீடு கேட்கவில்லை. இறால் பிடிக்க ஆறு கேட்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கால்வாய் வழியாக ஆற்றில் பரவிற்று. வலையும் படகும் கருத்துப்போயின. மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெய் அள்ளினார்கள். குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். கெட்டுப்போன ஆற்றுக்கு நிவாரணம் யார் கொடுப்பது? ஆகவே தொழில் என்ற பெயரில் எந்த ஆலை எதை ஆற்றில் விட்டாலும் சரி என்று நாம் பேசவில்லை. ஆலைக்கழிவை விடுகிற முதலாளி, கரையில் பிழைக்கிறவனின் வேலையைப் பறிக்கிறான். காக்களூர்ப் பேட்டைத் தோழர்கள் இதைத் தங்கள் பட்டறைக்குள்ளும் கவனிக்க வேண்டும். சாயத்தண்ணீரும் அமிலமும் எந்த வாய்க்காலில் போகிறது என்று உள்ளே இருக்கிற தொழிலாளிக்குத்தான் தெரியும்.

நம் ஊருக்கு வருவோம்

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். நம் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிட்டது. 2008-ல் வந்த இரண்டாவது பெருந்திட்டத்துக்கு அடுத்து, 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது பெருந்திட்டம் தயாராகி வருகிறது. அந்த வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு வர்ணம், கடைத்தெருவுக்கு ஒரு வர்ணம், ஆலைக்கு ஒரு வர்ணம், விவசாயத்துக்கு ஒரு வர்ணம். ஆற்றங்கரையில் பிழைப்பவனுக்கு என்று ஒரு வர்ணம் இரண்டாவது திட்டத்தில் இல்லை. வர்ணம் இல்லாதவன் காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இல்லாதவனை இடிப்பது சுலபம்.

கூவத்தின் மேல்பகுதியில் இன்றைக்கு யார் யார் பிழைக்கிறார்கள்? கரைப் புஞ்சையில் கீரையும் கத்தரியும் போடுகிறவர்கள். புல் அறுத்து விற்கிற பெண்கள். மாடு எருமை வைத்திருப்பவர்கள். சலவைத் துறைகள். செங்கல் அறுப்பவர்கள். ஏரிகளில் மீன் பிடிப்பவர்கள். மனை போடுகிற தரகன் இவர்களில் ஒருவரையும் பார்ப்பதில்லை. அவன் விளம்பரப் பலகையில் ஆற்றங்கரைக் காற்று மட்டும்தான் இருக்கிறது. நாளைக்குத் தொழிற்பேட்டைக்கு மிக நெருக்கமாக வீட்டுமனை வந்தால், சிக்காகோவில் வந்த அதே புகார் இங்கேயும் வரும்: இரவு ஷிப்டில் பிரஸ் அடிக்கிற சத்தம் தாங்கவில்லை என்று. அந்தப் புகாரைக் காட்டிப் பேட்டையைக் காலிசெய்து நிலத்தை விற்க முதலாளிகளில் சிலர் சந்தோஷமாகவே தயாராவார்கள். அன்றைக்கு ஆலைத் தொழிலாளியும் கீரைக்காரியும் ஒரே வண்டியில் ஏற்றப்படுவார்கள்.

வீடு கட்டாதே என்றா சொல்கிறோம்? நம்மிலேயே பாதிப்பேர் வாடகை வீட்டில் சம்பளத்தில் பெரும்பங்கைக் கொட்டுகிறோம். வீடு வேண்டும். ஆலைக்குப் பக்கத்திலேயே தொழிலாளிக்குக் கட்டிய வாடகை வீடுகள் வேண்டும். வெள்ளம் ஏறும் எல்லை எது என்று அளந்து, கல் நட்டு, அதற்குள் குடிசையும் கூடாது, பங்களாவும் கூடாது, தூணும் கூடாது என்றால் நாமே முன்னின்று ஆதரிப்போம். அந்த எல்லைக்குள் பயிர், புல், சலவைத்துறை, மீன்பிடிப்பு, ஆகிய வேலைகள் நடக்கலாமே! வெள்ளம் வருகிற சில நாட்கள் ஒதுங்கி, மற்ற நாட்களில் பிழைக்கிற வேலைகள்தானே இவை? கரையோரத்தில் இருக்கிற குடும்பத்தை மாற்ற வேண்டுமென்றால் அதே ஊரில், அதே வார்டில், வேலைக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு கொடு. வீட்டுச் சாவியோடு துவைகல்லுக்கும் மீன்பலகைக்கும் இடம் எழுதிக் கொடு. நொச்சிக்குப்பத்தில் 2023-ல் லூப் ரோட்டு மீன்கடைகளை அகற்றக் கிளம்பியபோது மீனவர்கள் படகைச் சாலையில் போட்டு உட்கார்ந்தார்கள். 2024-ல் அங்கேயே 366 கடைகளோடு மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். குறைகள் உண்டு. ஆனாலும் பத்து மைல் தள்ளிக் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சட்டத்தில் நமக்குப் பிடி இல்லாமல் இல்லை. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதே தீர்ப்பில் மழைக்காலம் முடிந்ததும் குடிசைகளை எடுக்கலாம் என்றும் அனுமதித்தது! ஆகவே தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. 2014-ல் தெருவியாபாரிகள் சட்டம் வந்தது; விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கு நூற்றுக்கு நாற்பது இடம் என்கிறது. பெருந்திட்டத்தின் வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்லச் சட்டப்படி அவகாசம் உண்டு. அந்த அவகாசம் வரும்போது நாம் தூங்கிக்கொண்டிருந்தால், மனைத்தரகன் விழித்திருப்பான்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. சர்க்கார் எடுக்காத கணக்கை நாம் எடுப்போம். மணவாள நகரிலிருந்து அரண்வாயல் வரை கரையில் யார், என்ன தொழில், எத்தனை வருஷமாக, எந்த இடத்தில் என்று ஊர் ஊராக எழுதவேண்டும். ஆலைத் தோழர்களில் படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் ஆளைக் காட்டுவார்கள், இவர்கள் எழுதுவார்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கட்டும். வெட்கப்பட வேண்டாம், கால்வாய் வெட்டிய பாட்டனும் கைநாட்டுத்தான். அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியருக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் மனு கொடுப்போம். மனுவில் பட்டா, வீடு என்பதற்கு முன்னால் முதல் வரியாகத் தொழில் செய்யும் இடம் என்று எழுதியிருக்கிறோம்.

மேடைக்கு இடதுபக்கம் மேஜை போட்டு நோட்டுப் புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஒரு நோட்டு. பெயர் கொடுக்கிறவர்கள் எந்த ஞாயிறு வரமுடியும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அறுவடை நடக்கிற ஊர்களுக்கு அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம். கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டிய தாய்மார்கள் முதலில் எழுதிக் கொடுத்துவிடட்டும். அடுத்தபடியாக மில் சங்கத் தோழர் போனஸ் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விளக்குவார்.